சாம்பிள் என்று நான் சொன்ன கட்டுரை

பாசமுள்ள வளர்மதி அக்காவுக்கு,

செஞ்சியிலிருந்து உன் தங்கை ரஞ்சனி பயத்துடன் எழுதுவது. இங்கு நைனா, அம்மா, நான் மூவரும் சுகம். நீயும் சென்னையில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தின் கடைசி வரி வரைக்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். வேதியியல் நோட்டில் கிழித்த தாள் இது. பின்பக்கம் தெரியும் சமன்பாடுகளைப் பொருட்படுத்தாதே, அவையும் தப்புதான்.

மலை, குகை என்று நீ ஏறிப் பார்த்ததை எழுதும் உன் பிளாக்கின் தோற்றம் ரேஷன் கடை ரசீது மாதிரி இருக்கிறதென்று, வேறு தீம் போடச் சொன்னது நீதான். தீம் மட்டும் மாற்று, மற்ற எதையும் தொடாதே என்றும் சொன்னாய். நான் முதல் பாதியை மட்டும் கேட்டேன். பச்சை நிறத்தில் ஒரு தீம் கிடைத்தது. அதைப் போட்டதும் ராஜகிரிக் கோட்டை உச்சியில் நீ நிற்கும் படத்தில் உன் தலை மெனுவுக்குப் பின்னால் போய்விட்டது, மெனுவைக் கீழே இறக்கினால் மண்டகப்பட்டுக் குகை பாதியாக வெட்டுப்பட்டது, குகையைச் சரிசெய்தால் தொண்டூர்ச் சமணர் கற்படுக்கைகள் செங்குத்தாக நின்றன, ஆனால் அந்தத் தீம் செய்தவர் காட்டியிருந்த மாதிரி சைட் மட்டும் அவ்வளவு அழகாக இருந்தது, சரி, அப்படியே வரட்டும் என்று எது எங்கே வர வேண்டும் என்று சொல்லும் அவருடைய அமைப்புக் கோப்பை முழுசாகக் காப்பி செய்து உன்னுடையதின் மேல் போட்டுவிட்டேன். கூடவே அவர் மாதிரிக்கு வைத்திருந்த கட்டுரைகளும் வந்து உட்கார்ந்துகொண்டன. அதில் ஒன்று பாரிஸ் நகரத்தில் காப்பி குடித்த கதை. எழுதியவர் என்று உன் பெயர்.

அந்த எழுதியவர் இடம்தான் அடுத்த தப்பு. உன் பெயர் மட்டும் மொட்டையாக இருந்ததால், கல்யாணப் பத்திரிகையில் போடுவது போல 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு, நைனா, அம்மா, பெரியப்பா, இரண்டு மாமா என்று எல்லார் பெயரையும் வரிசையாக அடித்து, நைனாவின் செல் நம்பரையும் சேர்த்தேன். எல்லாக் கட்டுரைக்கும் கீழே அது தானாக வரும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே, நீ இல்லாத சொந்தக்காரர்கள் குரூப்பில் லிங்க்கையும் போட்டுவிட்டேன்.

அக்கா, இனிமேல்தான் நீ உட்கார்ந்து படிக்க வேண்டும். நீ வெளியிடாமல் வைத்திருக்கும் வரைவுகளையும் காட்டு என்று அந்த மாதிரி அமைப்பில் ஒரு வரி இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டாருக்கு நீ எழுதி வைத்திருந்த 'அனந்தபுரத்தாருக்கு என் பதில்' முதல் பக்கத்தில் முதல் ஆளாக வந்து நின்றுவிட்டது. "கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படிப் பாறை பாறையாக ஏறுவீர்களா என்பதுதான் விமல்ராஜ் கேட்ட ஒரே கேள்வி. ஏறுவேன் என்று சொல்ல நினைத்தேன். இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம். நைனாவிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை." அதற்குக் கீழே, நைனா உட்பட, தங்கள் நல்வரவை விரும்பும் நம் குடும்பம் மொத்தமும்.

நேற்றுச் சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா சாமுண்டீஸ்வரி அத்தை போன் செய்தார். "இன்னா சம்பந்தி, கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்பாங்க. கல்யாணம் வேணாம்னு குடும்பமே பேர் போட்டு அடிச்சது நீங்கதான்!"

நைனா போனைக் கையில் பிடித்தபடியே என்னைக் கூப்பிட்டார். "ஏய், இன்னாடி இது? உங்கக்கா எழுதினதா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் தானாகப் பேசிவிட்டது. "இல்ல நைனா, தீமோட வர்ற சாம்பிள் அது."

"சாம்பிள்ல அனந்தபுரம் எப்டி வரும்?"

"போன் எந்த ஊர் பக்கம் இருக்குதுன்னு பாத்து அதுவே ஊர் பேர் போட்டுக்கும். அக்கா பாரிஸ்ல காப்பி குடிச்சான்னு கூடத்தான் போட்டிருக்குது பாருங்க."

நைனா பாரிஸைப் படித்தார். பிறகு போனில், "சாம்பிளாம்மா" என்றார். "அதானே! எம்புள்ளைய எவ வேணாம்னுவா?" என்று அந்த அத்தை சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்ற இன்னும் பத்துப் பேரோடு வருவதாகச் சொன்னார்.

நான் தப்பித்துவிட்டேன் அக்கா. உன்னைத்தான் மாட்டிவிட்டேன். நீ எவ்வளவோ நாள் யோசித்து எழுதிய ஒரே உண்மையை, திட்டு வாங்கப் பயந்து, சாம்பிள் என்று சொல்லிவிட்டேன். நேரில் வந்து நீ வேண்டாம் என்று சொன்னால்கூட அதையும் தீம்தான் சொல்கிறது என்பார்கள் போலிருக்கிறது. இனி எதையும் தொடாதே என்று லேப்டாப்பும் என் போனும் பீரோவில், சாவி நைனாவின் இடுப்பில். உனக்கு டென்ஷன் ஆகும், ஒன்றும் சொல்லக் கூடாது என்று அம்மாவுக்கும் கட்டளை. எதிர்வீட்டு ரஞ்சிதம் அக்கா காலை முதல் பஸ்ஸில் சென்னை வருகிறார், அவரிடம் இதைக் கொடுக்கிறேன். நீ அந்தப் பக்கத்தை உடனே அழித்துவிடு. ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லிவிடு. நைனாவுக்கு மட்டும் நான் பொய் சொன்னது தெரிய வேண்டாம்.

இந்தக் கடிதம் அம்மாவுக்கும் நைனாவுக்கும் தெரியாது என்பதால் அவர்களின் ஆசியை நானே அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. முடிந்தால் மன்னி.

இப்படிக்கு,
தங்கை ரஞ்சனி

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்யாதே. தண்ணீர் குடிக்க எழுந்த நைனா இதை என் கையிலிருந்து வாங்கி, விளக்கடியில் நின்று, சமன்பாடுகள் உட்பட முழுவதும் படித்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "சாம்பிள்னு நீ சொன்னப்போ எனக்கு அத நம்பறது வசதியா இருந்துச்சு" என்றார். பிறகு இந்த நேரத்தில் அனந்தபுரத்துக்குப் போன் போட்டார். "அது சாம்பிள் இல்லீங்க, அசல். ஞாயித்துக்கிழம வர வேணாம்" என்றார். அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. வைத்துவிட்டு, கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நீங்களே அக்காவுக்குப் போன் செய்து சொல்லுங்களேன் என்றேன்.

"நீயே எழுதி அனுப்பு. நான் சொன்னா அவ நம்ப மாட்டா."