வலது பக்கத்து வால்வு

உலகத்து மனிதர்களை வால்வு அண்ணன் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். வால்வு ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக் கேட்டவர்கள் ஒரு வகை. பாட்டே கேட்காதவர்கள் இன்னொரு வகை. மலேசியாவில், கெடா மாநிலத்து எங்கள் லூனாஸில் முதல் வகைக்கு அவர் ஒருவர்தான்.

கரங்கான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிளப்பைக் காலி செய்தபோது அந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்தார். அதன் தலையில் கண்ணாடி வால்வுகள் வரிசையாக நிற்கும். சூடேறினால் விளக்குப் போல் சிவக்கும். ஒன்று போனால் போச்சு, அண்ணன் பெண் பார்ப்பது போல் புது வால்வு தேடக் கிளம்பிவிடுவார். ரஷ்ய வால்வுக்குத் தொண்டை கட்டியிருக்கும், சீன வால்வு வாயாடி, பழைய இங்கிலீஷ் வால்வுதான் குடும்பப் பாங்கு என்பார். அதுவும் ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

போன வருஷம் வலது பக்கம் சத்தம் மங்கிவிட்டது. தபாலில் ஜோடி ஜோடியாக வால்வுகள் வந்தன. ஒன்றும் தேறவில்லை. கடைசி ஜோடியைக் கேட்க என்னைக் கூப்பிட்டார். ஃபேன் சத்தம் ஆகாது என்று அதையும் நிறுத்திவிட்டார். கெடா வெயிலில் நான் வெந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, ரைட்டு பக்கம் கேளு. கோசோங்! ஒன்னுமே இல்ல!"

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு அண்ணே?"

"ஒன் காது ரோசாக்லா. பழுதாப் போச்சு!"

இடது வால்வை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினார். ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றினார். அப்போதும் வலதுதான் மங்கல். பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"செட்டே செத்துப் போச்சு தம்பி. நாளைக்கு பழைய சாமான்காரன வரச் சொல்லிட்டேன். இது போச்சுன்னா இனிமே என்னத்த கேக்கறது?" குரல் உடைந்துவிட்டது. எனக்கும் என்னவோ போலாகிவிட்டது.

அவர் மனைவி ரோஸி அக்கா கோப்பியோடு வந்தார். "எல்லாத்தையும் மாத்திட்டீங்க. அந்த நாற்காலிய மட்டும் திருப்பிப் போட்டுப் பாருங்களேன்."

அண்ணன் முறைத்துக்கொண்டே ஆம்ப்ளிஃபயருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். "இப்பவும் பாரு, இந்தப் பக்கந்தான்..." என்று வலது கையை நீட்டினார். கண்ணைத் திறந்து பார்த்தால், கை நீண்டிருந்தது சற்று முன்பு வரை இடது பக்கத்தில் நன்றாகப் பாடிய ஸ்பீக்கரை நோக்கி.

ரோஸி அக்கா ஃபேனைப் போட்டு, அவர் தோளில் கை வைத்தார். "செட்டு நல்லாத்தாங்க இருக்கு."

பக்கத்து ஊர் கூலிமில் டாக்டர் வலது காதுக்கு வயதாகிவிட்டது என்றார். காது கருவிக் கடையில் அண்ணன் ஏர்கானை நிறுத்தச் சொல்லி, மத்தியானம் முழுக்க ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்.

"சரி, ஜோடியா குடும்மா."

"அங்கிள், ஒங்களுக்கு ஒரு காதுதான் பிரச்சன."

"ஒன்ன மட்டும் மாத்தக் கூடாதும்மா. பேலன்ஸ் போயிரும்!"

ரோஸி அக்காதான் அதட்டி ஒன்றோடு நிறுத்தினார்.

பழைய சாமான்காரர் வெறுங்கையோடு திரும்பினார். அண்ணன் கருவியைப் பாதி நாள் வீட்டிலேயே மறந்துவிட்டு வருகிறார். அதனால் சாப்பாட்டுக் கடையில் நான் சுற்றிப் போய் அவருக்கு இடது பக்கம்தான் உட்காருகிறேன். ரஷ்ய வால்வுக்காக நான் வாதாடுவது அவர் காதில் விழ வேண்டுமே. அந்த மனிதரோடு சண்டை போடாவிட்டால் எனக்குப் பொழுது போன மாதிரியே இருக்காது.