குணசுந்தரி வீட்டுக் கூரையும் பாலூட்டி வகைப்பாட்டுக் குழுவும்

பாலூட்டிகளை வரிசை பிரிக்கும் பணியில் உலக விஞ்ஞானம் இத்தனை காலம் தடுமாறியதற்கு ஒரே காரணம், அது நந்திதுர்க் லைன் வீட்டார் சங்கத்தைக் கலந்து ஆலோசிக்காததுதான். சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் இதைத் தன்னடக்கத்தோடு சொல்கிறேன்.

பணியைத் தொடங்கிவைத்த பெருமை குணசுந்தரியம்மாளுக்கு. அவர் வீட்டுத் தகரக் கூரை ஓட்டை. பிரசவத்துக்கு வந்த மகளும், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பேத்தியும் அதன் கீழே. மழை வேறு பிடித்துக்கொண்டது. சங்கத்திலோ கூரை பழுதுபார்க்க வந்த புதுத் தகரங்கள் அடுக்கிக் கிடந்தன.

"நாலு ஷீட்டு குடுங்க சார், போதும். கொழந்த நனையுது. கூரைக்குள்ள வேற இன்னாவோ குடும்பம் நடத்திகினு கீது" என்றார்.

எங்கள் உபதலைவர் விநாயக் துள்ளி எழுந்தார். பெங்களூரில் வேலை, அங்கேயே 'பல்லுயிர்' பயிற்சி ஒன்றும் முடித்தவர்.

"ஸ்வல்ப இருங்க ஆன்ட்டி! இன்னா அனிமல்னு தெரியாம ரூஃப்ல கை வெக்கக் கூடாது. ஃபர்ஸ்ட் கிளாசிஃபை பண்ணணும்."

எவ்வளவு உயர்ந்த சிந்தனை! உடனே குழு அமைத்தோம். நாற்காலி போதாததால் தகரங்களின் மேலேயே அமர்ந்து விவாதித்தோம்.

தலைவர் வால்டர், எங்கள் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் பாஸாக இருந்து ஓய்வுபெற்றவர். "இதுக்கு எதுக்குப்பா படிப்பு? உலகத்துல ரெண்டே வகை. அண்டர்கிரவுண்டு, சர்ஃபேஸு. பெருச்சாளி அண்டர்கிரவுண்டு. மாடு சர்ஃபேஸு. முடிஞ்சிது."

"பூனை, அங்கிள்?"

"சூப்பர்வைசர். வேலை செய்யாது, சுத்திப் பாக்கும்."

விநாயக் மறுத்தார். உடலமைப்புதான் அளவுகோலாம். முன்பல் வளர்ந்துகொண்டே இருந்தால் கொறிப்பன. குளம்பு இரண்டாகப் பிளந்திருந்தால் மாடும் பன்றியும் ஒரே வரிசை. இதைக் கேட்டதும் மாடு வைத்திருந்த உறுப்பினர் வெளிநடப்பு செய்தார். பன்றி வைத்திருந்தவர் அவருக்கும் சேர்த்துக் கைதட்டினார்.

ஞாயிறன்று குழு நேரில் ஆய்வுக்குச் சென்றது. விநாயக் ஏணியில் ஏறி, ஓட்டை வழியே செல்போன் வெளிச்சத்தை அடித்தார்.

"வவ்வால்!"

"பறக்குதில்ல? பறவைன்னு எழுது" என்றார் வால்டர்.

"இல்ல அங்கிள், முடி கீது, பால் குடுக்குது. ரெக்கைய பாருங்க, நீட்டு நீட்டா விரல். கையேதான் ரெக்கை. இதுக்குத் தனி வரிசை!"

"பகல்ல தூங்குது, ராத்திரி கிளம்புது. நைட் ஷிப்ட்" என்று வால்டரும் தம் பங்குக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார்.

ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். ஆனந்தத்தில் என் கன்னம் நனைந்துவிட்டது. கூரை ஒழுகியதாகவும் இருக்கலாம்.

"அப்ப ஷீட்டு?" என்றார் குணசுந்தரியம்மாள்.

"குட்டி போட்டிருக்கு ஆன்ட்டி. பாவம், டிஸ்டர்ப் பண்ணக் கூடாது."

"பிரிக்க வேணாம்பா. மேலயே போத்திட்டுப் போங்க."

"அதுக்கு சப்-கமிட்டி போடணும்."

"எங்க வூட்லயுந்தான் ஒரு குட்டி பால் குடிக்குது. அது எந்த வரிசை?"

விநாயக் இறங்கிவந்து, குழந்தையின் கையைப் பொறுப்போடு விரித்துப் பார்த்தார். "கட்டை விரல் தனியா மடங்குது. கண்ணு ரெண்டும் முன்னாடி. முதனி வரிசை, கொரங்குங்களோட சேர்த்தி. ஆனா ரொம்ப காமன், ஆன்ட்டி. அழியற லிஸ்ட்ல இல்ல."

குழந்தை தும்மியது. அதையும் குறித்துக்கொண்டோம்.

குணசுந்தரியம்மாள் ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். "ஒழுகற பக்கம் அது குட்டியை வெக்கல, பாத்தீங்களா? ரெக்கைக்குள்ள சுருட்டி வெச்சிகினு கீது. நீங்க எல்லாம் இன்னா வரிசை சார்?"

நியாயமான கேள்வி. குழு அங்கேயே பரிசீலித்தது. முடி: வால்டரைத் தவிர அனைவருக்கும் உண்டு. கட்டை விரல்: உண்டு. கண்கள்: முன்னால்தான் இருக்கின்றன. ஆனால், குட்டி நனைவதைப் பார்த்துக்கொண்டே கூட்டம் போடும் பிராணி பாலூட்டிகளின் எந்த வரிசையிலும் அகப்படவில்லை.

"அப்படியானால் ஊர்வனவற்றில் சேர்ந்துகொள்ளலாமே" என்றேன், பெருந்தன்மையோடு.

விநாயக் மறுப்பாகத் தலையை ஆட்டினார். முதலைகூடத் தன் குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பாற்றுமாம்.

"அங்கயும் நம்மள சேத்துக்க மாட்டாங்க, சார்."