வேட்டி பாய் பிளந்து வைத்த டிராக்டர்

அறுபதுகளில் சிதம்பரத்தைச் சுற்றிப் பத்து மைலுக்குள், நல்ல வேட்டி ஒன்றை டிராக்டருக்குப் பறிகொடுக்காத மிராசுதாரே கிடையாது. வாங்கியவர் வேட்டி பாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். என்ஜின் ஆயில் ஒழுகுகிறது என்று யார் கூப்பிட்டாலும், சொந்தக்காரரின் வெளுத்த வேட்டியைத்தான் முதலில் கேட்பார்.

"பழசு இருக்கு பாய், தரட்டுமா?"

"பழசுல எது அழுக்கு, எது ஆயில்னு எனக்குத் தெரியாதுங்க. நல்லதா குடுங்க."

என்ஜினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அடியில் வேட்டியை விரித்து, ஓடவிட்டு, பக்கத்தில் குந்திக்கொள்வார். எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம். யாராவது பேசினால் முறைப்பார். ஒரு மிராசுதார் உஷாராக எல்லா வேட்டியையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். பாய் அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

கீரப்பாளையத்தில் என் அக்கா வீட்டுக்காரரின் பழைய டிராக்டருக்கு வந்த நோய் விசித்திரமானது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் காலையில் ஊற்றிய ஆயில் சாயங்காலம் குறைந்துவிடும். நான் அப்போது கடலூரில் குமாஸ்தா, லீவில் வந்திருந்தேன். "ஒழுகாத ஆயில் எங்க போவும், மாமா? டிரைவர்தான் வித்திருப்பான்" என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்ன புண்ணியவான் நான்தான். மாமா அங்கேயே டிரைவர் கோவிந்தனைத் திருடன் என்றார். திருட்டுப் பட்டம் வாங்கியவனை அப்புறம் எவர் வேலைக்கு வைப்பார்?

"பாய் வந்து பாக்கட்டுங்க" என்றான் கோவிந்தன்.

பாய் வந்தார். மாமாவின் மயில்கண் வேட்டியை விரித்தார். ஒரு மணி நேரம் என்ஜின் ஓடியும் வேட்டி வெள்ளை வெளேர் என்றே இருந்தது. மாமா கோவிந்தனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். பாய் என்ஜினை நிறுத்திவிட்டு அடியில் ஊர்ந்து போனார்.

"இங்க ஒரு ஓட்டை இருக்கணுமே. ஆப்பு அடிச்சது யாரு?"

"நான்தான் பாய்" என்றார் மாமா பெருமையாக. "போன மாசம் அதுல சொட்டிச்சு. புதுசா சிமெண்டு போட்ட தரை பாழாவுதேன்னு பூவரசங் கட்டைய செதுக்கி அடிச்சேன். அதோட நின்னுபோச்சு."

பாய் ஆப்பைப் பிடுங்கினார். மயில்கண் வேட்டியில் கறுப்பாகக் கொட்டியது. என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் தேய்ந்து, கசிந்ததெல்லாம் கிளட்ச் இருக்கும் கூட்டுக்குள் குளம் கட்டியிருந்தது. வெளியே வர இருந்த ஒரே வழியை மாமா அடைத்திருந்தார்.

"கிளட்ச் வழுக்குதுன்னு தலதலயா அடிச்சிக்கிட்டேனே" என்றான் கோவிந்தன். சொன்னான்தான். நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த சீலை மாற்ற டிராக்டரை நடுவில் பிளக்க வேண்டும். ஜாக்கி வைத்துப் பிளந்தார். புது சீல் போட்டார், கிளட்ச் தகட்டைக் கழுவினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு டூல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"சேத்துடுங்க பாய். வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு, நாளைக்கு நடவுக்கு சேடை ஓட்டணும்."

"சேத்துடலாம் மொதலாளி. இந்தத் தம்பிய டீக்கடையில திருடன்னு சொன்னீங்களாமே. அங்கயே போயி இல்லன்னு சொல்லிட்டு வாங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன பாய்?"

"வண்டியச் சேத்துட்டா நீங்க வயலுக்குப் போயிடுவீங்க. அப்பறம் யாரு சொல்லுவா?"

மாமா குதித்தார். வேறு மெக்கானிக்கைக் கூட்டிவருவேன் என்றார். பாய் பிளந்து வைத்ததை வேறு எவன் தொடுவான்? கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். நானும் கோவிந்தனும் பின்னாலேயே போனோம். டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "கோவிந்தன் மேல தப்பு இல்லப்பா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். கோவிந்தன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

திரும்பி வந்தோம். பாய் அப்போதும் ஸ்பானரைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

"மொதல்ல சொன்னது நீங்களாமே, தம்பி?"

கோவிந்தனைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் டீக்கடைக்குப் போனேன். நான்தான் வாய்க்கு வந்தபடி பேசினேன், மன்னித்துவிடு என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். பாய் கேட்டிராவிட்டால், வாயே திறக்காமல் கடலூர் பஸ் ஏறியிருப்பேன். ஆயுசுக்கும் அந்தப் பாவத்தைச் சுமக்கவிடாமல் என்னைக் காப்பாற்றிய மனுஷன். அவரை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு இளகிவிடுகிறது.