அன்றைக்கே சொன்ன ஓரெஸ்ட்

பனி கொட்ட ஆரம்பித்ததும் காப்பிக் கடைகளில் ஓர் இனம் வந்து கூடும். ‘நான் அன்னிக்கே சொன்னேன்’ இனம். கனடாவில், எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்தில் இது இல்லாத ஊர் உண்டா? எங்கள் கடையில் இதன் பெயர் ஓரெஸ்ட். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியின் மேலாளர் வெண்டல், கெல்லன் என்ற ஒல்லிப்பிச்சான் கோல் கீப்பரைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு தடியனைத் தடுப்பாட்டத்துக்கு வாங்கினார். வந்தவனுக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. போனவன் அந்த ஊருக்குக் கோப்பை கோப்பையாக வாங்கிக் கொடுத்தான். ஓரெஸ்ட்டுக்குப் பிழைப்புக் கிடைத்துவிட்டது. தினமும் டோனட்டைப் பிய்த்து, காப்பியில் தோய்த்து, சர்க்கரை ஒட்டிய விரலை வெண்டலின் மூக்குக்கு நேரே நீட்டி, கெல்லனின் கண்ணைப் பார்த்தபோதே தெரிந்தது என்பார், தடியன் பஸ்ஸை விட்டு இறங்கிய இறக்கத்திலேயே முழங்கால் போகப்போவது தெரிந்தது என்பார். வெண்டல் காப்பியைக் கலக்குவார்.

சரி, அந்த மாற்று நடந்த அன்று தையல்காரியிடம் முதலில் ஓடியவர் யார்? இதே ஓரெஸ்ட்தான். தம் அணிச் சட்டையின் முதுகிலிருந்து கெல்லனின் பெயரைப் பிரித்துத் தடியன் பெயரைத் தைத்துக்கொண்டார். பிறகு அதையும் பிரித்தார். இப்போது இரண்டு பெயருக்குமான ஊசித் துளைகளோடு திரிகிறார். தன் முதுகு தனக்குத் தெரியாது, பாவம்.

போன செவ்வாய்க்கிழமை வெண்டல் முகம் வெளுத்து வந்தார். வேறோர் அணி கேட்ட இன்னொரு ஆட்டக்காரர் மாற்றுக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இதுவும் சொதப்பினால் நிர்வாகக் குழு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

“ஓரெஸ்ட், விளையாட்டுக்குக் கேக்கலய்யா. நம்ம ஆட்டக்காரன் நீல்சனக் குடுத்துட்டு அவங்க கோல் கீப்பர வாங்கலாமா, வேணாமா? ஒத்த வார்த்த சொல்லு.”

கடையே காதைத் தீட்டிக்கொண்டது. ஓரெஸ்ட் டோனட்டைக் கீழே வைத்தார்.

“ரெண்டு பக்கமும் பாக்கணும்ல.”

“எட்டு வருஷமா ஒரு பக்கந்தானய்யா பாத்த?”

“அது முடிஞ்ச விஷயம், வெண்டல்.”

“இன்னும் முடியாததுக்கும் ஒண்ணு சொல்லேன்.”

“மொதல்ல சீசன் முடியட்டும். அப்புறம் சொல்றேன்.”

வெண்டல் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அந்த மேசையில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கே மனசு குளிர்ந்தது. எழுந்து வெளியே போய், யாரையும் கேட்காமல், சரி என்று ஃபோனில் சொல்லிவிட்டார். நல்லதா கெட்டதா? வசந்தத்தில் சீசன் முடியும்போது தெரியும்.

என்ன, ஓரெஸ்ட் இப்படித்தான் மழுப்புவார் என்று உங்களுக்கு முதலிலேயே தெரியுமா? நல்லது. வாருங்கள், அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.