எட்னா எறிந்த பந்து

நூலகத்தில் எட்னா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், தலை நரைத்த விவசாயி ஒருவர் புத்தகத்துக்குப் பதிலாகக் கூடைப்பந்து ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"ஒரு கையெழுத்துப் போடும்மா."

"எதுக்குங்க?"

"சட்டையில எட்னான்னு போட்டிருக்கே! இந்தக் காலத்துல எவன் பொண்ணுக்கு இந்தப் பேரு வைக்கிறான்? எங்க எட்னா வோகலுக்குச் சொந்தக்காரிதானே நீ? அவ அக்கா மினசோட்டாவுலதான் வாக்கப்பட்டா. நீயும் அந்தப் பக்கம்தானே?"

எட்னா லிண்ட் மினசோட்டாக்காரிதான். வாயில் பாதி டோனட் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள். அவரோ இரண்டு கேள்விக்கும் சேர்த்தே அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன் அந்தச் சின்ன அயோவா ஊருக்கு மாநிலக் கூடைப்பந்துக் கோப்பையை வாங்கித் தந்த பள்ளிக்கூடத்துப் பெண்தான் எட்னா வோகல். பிறகு கலிஃபோர்னியாவுக்குக் குடிபோனவள் திரும்பி வரவே இல்லை. அவள் படத்தை ஊர்க்காரர்கள் சலூனில், வங்கியில், ஏன், சவ அடக்கம் செய்பவர் கடையில்கூட மாட்டி வைத்திருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் எட்னாவின் வாசலில் சுடச்சுட 'ஆப்பிள் பை' பலகாரத் தட்டுகள் நான்கு வந்து உட்கார்ந்திருந்தன.

மறுநாள் காலை முதல் வேலையாக நூலகத் தலைவி மார்வாவிடம் போனாள். "மேடம், நான் அவங்களுக்குச் சொந்தமே இல்ல. பேரு மட்டும்தான் ஒண்ணு."

மார்வா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அப்படியே அவதான்! கோப்பைய வாங்கிட்டு, 'நான் ஒண்ணும் பண்ணல, மத்த பொண்ணுங்கதான் ஆடினாங்க'ன்னா. என்ன ஒரு அடக்கம்!"

"நான் பந்தத் தொட்டதே இல்ல மேடம். என் உயரத்தப் பாருங்க, அஞ்சடி!"

"அவ மட்டும் என்னவாம்? குள்ளச்சிதான்!"

புதிய விளையாட்டு அரங்கின் திறப்பு விழாவில் முதல் பந்தை எட்னா போடுவாள் என்று மார்வா அன்றே நோட்டீஸ் அடித்துவிட்டார். எட்னாவின் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட வேண்டியவரும் மார்வாதான்.

உண்மை எடுபடவில்லை என்றதும் எட்னா பொய்க்கு இறங்கினாள். "தோள்பட்டை சுளுக்கிடுச்சு மேடம்."

ஒரு மணி நேரத்தில் எலும்பு வைத்தியர் நூலகத்துக்கே வந்துவிட்டார். வோகலோடு ஒரே வகுப்பில் படித்தவராம். சமையல் புத்தக அலமாரிக்குப் பின்னால் நிற்கவைத்து, நல்ல தோளை நாலு முறுக்கு முறுக்கினார். "விழாவுக்குள்ள சரியாயிடும்." அதற்கப்புறம்தான் நிஜமாகவே வலித்தது.

வேறு வழியில்லை. விடியற்காலையில் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த வளையத்தில் ரகசியமாகப் பழகினாள். நாற்பது தடவை எறிந்ததில் ஒன்று உள்ளே விழுந்தது. பால் லாரிக்காரர் பார்த்தது அந்த ஒன்றை மட்டும்தான். காலைச் சாப்பாட்டுக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

விழா நாளன்று அரங்கில் நிற்க இடமில்லை. எட்னா கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள்.

பந்து வளையம் இருந்த திசைக்கே போகவில்லை. பள்ளி வாத்தியக் குழுவின் பெரிய ஊதுகுழல் வாய்க்குள் போய் அடைத்துக்கொண்டது. அதை ஊதிக்கொண்டிருந்த பெண்ணின் கன்னம் உப்பி, கண் பிதுங்கிற்று. ஊரே அவள் பக்கம் திரும்பிப் பார்த்தது.

அந்தப் பார்வைகளைப் பொறுக்க முடியாமல் எட்னா மைக்கைப் பிடுங்கினாள்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே! உங்க எட்னாவுக்கு நான் யாருமே இல்ல. எங்கப்பா பால் பண்ணை வச்சிருந்தாரு. கண்காட்சியில மூணு வருஷம் பரிசு வாங்கின பசு ஒண்ணு இருந்துச்சு, எட்னான்னு. அவருக்கு அதுமேல உசுரு. அந்த மாட்டோட பேருதான் எனக்கு வச்சாரு. போதுமா?"

பள்ளிக்கூட நாளிலிருந்து யாரிடமும் சொல்லாத ரகசியம் அது. மார்வாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், குனிந்த தலையோடு வாசலுக்கு நடந்தாள். போன வேலை போனதுதான். எந்தப் பலகாரத் தட்டு யார் வீட்டுத் தட்டு என்று எப்படிக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுப்பது?

வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கிழவர் ஹார்லன் கையை நீட்டி மறித்தார்.

"இரு தாயி. நோட்டீஸ்ல லிண்ட்டுன்னு போட்டிருந்துச்சே... ராய் லிண்ட் பொண்ணா நீ?"

"ஆமா. அவரத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமாவா? அந்தக் கன்னுக்குட்டிய உங்கப்பனுக்கு வித்ததே நான்தான். நம்ம எட்னா வோகல் கோப்பைய ஜெயிச்ச அன்னிக்குப் பொறந்த குட்டி, அதுக்கு வேற என்ன பேரு வைப்பேன்?"