எங்கள் வீட்டுச் சமாதானம்

எங்கள் வீட்டுக்குச் சமாதானம் வந்த அன்றுதான் எனக்கு நிம்மதி போயிற்று.

இவன் ஏதோ தத்துவம் பேசுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். சமாதானம் என்பது ஒரு நாய். செம்பட்டை நிறம். இடது காதில் பாதியைக் காணோம். மனிதர்களிடம் அதைப்போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. பால்காரர், தபால்காரர், பிச்சைக்காரர், யார் வந்தாலும் வாலை ஆட்டும். திருடன் வந்தால் பீரோ இருக்கிற அறையைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் இன்னொரு நாயைக் கண்டுவிட்டால் போதும். சமாதானம் சண்டைக்குப் போய்விடும்.

என் பெயர் அடைக்கலம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருக்கிறேன். பத்து விரலையும் எங்கெங்கே வைக்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறவன். வீட்டில் என் மனைவி பேட்ரிசியா சொல்லாமல் சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியாது. குடியிருப்பது புத்தூரில். முன்கட்டில் வீட்டுக்காரி ராக்கம்மாள், பின்கட்டில் நாங்கள்.

அன்று காய்கறி வாங்க வந்த பேட்ரிசியா, ஒரு கையில் பையும் மறு கையில் கயிறும் கயிற்றின் மறுமுனையில் நாயுமாக இன்ஸ்டிட்யூட் படியேறி வந்தாள். தட்டிக்கொண்டிருந்த மிஷின்கள் அத்தனையும் நின்றன.

"என்ன இது?" என்றேன்.

"நாய் பிடிக்கிற வண்டியில ஏத்தி வச்சிருந்தாங்க. எங்க வீட்டு நாய்னு சொல்லிக் கேட்டு வாங்கிட்டேன்."

"நம்ம வீட்டுல நாயே இல்லையே."

"அவனும் நம்பலைங்க. அப்படின்னா பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மான்னான். வாயில வந்ததைச் சொன்னேன். சமாதானம்னேன். வாலை ஆட்டிடுச்சு."

"பொய் சொல்லியிருக்கே. சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"பண்ணிக்கிறேன். சாயங்காலத்துக்குள்ள அதைக் கொன்னுருப்பாங்க. உங்க பேரே அடைக்கலம். ஒரு வாயில்லா ஜீவனுக்குக் குடுக்காத அடைக்கலம் எதுக்குங்க?"

என் அப்பா ஆசையாக வைத்த பெயர் எனக்கே எதிராகச் சாட்சி சொல்லிற்று. மாணவர்கள் முன்னால் நான் என்ன பேச முடியும். வண்டிக்காரன் கயிற்றையும் இனாமாகக் கொடுத்தான் என்று அவள் சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும். கூண்டுக்குள் இருந்த மற்ற நாய்களெல்லாம் சமாதானம் போனதும் பெருமூச்சு விட்டிருக்கும்.

ராக்கம்மாளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. மல்லி என்று ஒரு வெள்ளைச் சடை நாய்தான் எல்லாம். அதற்குத் தினமும் குளியல், பவுடர், நெற்றியில் பொட்டு. நாங்கள் வீட்டுக்குள் நுழைந்த அந்த நிமிஷத்தில் மல்லி வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த நிமிஷம் அது ராக்கம்மாளின் தலைக்கு மேல் இருந்தது. ராக்கம்மாள் முக்காலியின் மேல் இருந்தாள். நான் தரையில் இருந்தேன். கயிறு என் காலைச் சுற்றி இருந்தது.

"வாத்தியாரே," என்றாள் ராக்கம்மாள், முக்காலியிலிருந்து இறங்காமலே. "அடுத்த மாசக் கடைசிக்குள்ள இது போகணும். இல்லாட்டி நாய் வண்டிக்காரனை நானே கூப்பிடுவேன். நாயோட நீங்களும் சேர்ந்து போறதா இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்."

அன்று முதல் எங்கள் வீட்டில் சமாதானம் இருந்தது, சமாதானம் இல்லை. ஜன்னல் வழியாக மல்லியின் வால் தெரிந்தால் உறுமல். தெருநாய் எங்கோ குரைத்தால் கதவில் பாய்ச்சல். காலண்டரில் அச்சடித்திருந்த நாயையும் கிழித்துவிட்டது.

நான் படித்தவன். உலகத்தில் பெரிய பெரிய தேசங்களே மாநாடு போட்டுப் பேசித் தீர்த்துக்கொள்கிற காலம் இது. இரண்டு நாய்களைச் சேர்த்து வைக்க முடியாதா என்று நினைத்தேன். ராக்கம்மாள் சந்தைக்குப் போன நேரத்தில் கொல்லையில் இரண்டு தட்டு வைத்தேன். இரண்டிலும் ஆட்டெலும்பு. ஒரு பக்கம் மல்லி, மறு பக்கம் சமாதானம், நடுவில் தலைவராக நான்.

மாநாடு தொடங்கியதுதான் தெரியும். முடிந்தபோது மல்லியின் வாலில் பாதிச் சடை இல்லை, என் வேட்டியில் பாதி இல்லை, கெண்டைக்காலில் பல் பதிந்திருந்தது. கடித்தது மல்லி. சத்தியமாக மல்லி. ஒருவரும் நம்பவில்லை.

புத்தூரில் குடியிருப்பதில் ஒரு வசதி, ஆஸ்பத்திரி பக்கம். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். நாள்தோறும் போய்ச் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பேட்ரிசியா கூடவே வந்தாள், எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் நாயைப் பற்றியே பேசினாள்.

"அதுக்குக் கோவம் இல்லைங்க. பயம். அந்தக் காதைப் பாருங்க. எத்தனை நாய் சேர்ந்து கடிச்சுதோ. இப்ப எதைப் பார்த்தாலும், அது கடிக்கிறதுக்கு முன்னாடி நாம முந்திக்கணும்னு பாயுது."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் யாரைக் கடிச்சேன்?"

"தூரத்துல ஒரு நாயைக் காட்டி, உறுமறதுக்கு முன்னாடி ஒரு துண்டு பொறை ரொட்டி குடுத்துத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடணும். நாளாக நாளாக கொஞ்சம் கொஞ்சமா கிட்டப் போகணும். நாய் வந்தா பொறை வரும்னு அதுக்குத் தோணிட்டாப் போதும். ஆனா அது இழுக்கிற இழுப்புக்கு என்னால பிடிக்க முடியலை. நீங்க காலையில வாய்க்கால் கரைக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா..."

"என்னால முடியாது," என்றேன். திருமணமான பிறகு அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சரி என்று தலையை ஆட்டினாள். அதைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும்.

ஒரு மாசம் ஓடிவிட்டது. வண்டிக்காரன் கையில் கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை. வீட்டில் வைத்துக்கொள்ளவும் உடம்பில் தெம்பில்லை. நாய் வாடையே இல்லாத இடமாகப் பார்த்து விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். திருவானைக்காவலில் ஒரு வாழைத்தோப்பு. காவல்காரர் பெயர் காத்தான். விசாரித்தேன்.

"பக்கத்துல நாய் ஏதாவது உண்டா?"

"மருந்துக்குக்கூடக் கிடையாதுங்க. நரி வரும்."

அது போதும் என்றேன்.

பேட்ரிசியா கோயிலுக்குப் போயிருந்த காலையில் ஜட்காக்கார கலீலைக் கூப்பிட்டேன். நாயை ஜட்காவில் ஏற்றி, இரண்டு பக்கமும் துணியைத் தொங்கவிட்டேன். வெளியே நாய் இருப்பது தெரியக்கூடாதே. கண்ணை மறைக்கலாம், மூக்கை எப்படி மறைப்பது. காவிரிப் பாலம் வரைக்கும் வழியில் இருந்த அத்தனை நாயோடும் அது துணிக்குள்ளிருந்தே தகராறு செய்துகொண்டு வந்தது. அவையும் பதில் சொல்லிக்கொண்டே கூட ஓடி வந்தன. கல்யாண ஊர்வலத்தில்கூட எனக்கு அத்தனை கூட்டம் வரவில்லை.

தோப்பில் இறக்கிக் கட்டிப்போட்டேன். அங்கே எதிரே நாய் இல்லை. சமாதானம் சட்டென்று சாதுவாகிவிட்டது. நான் கொண்டுபோன இட்லியைத் தின்றது. என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. நான் மெதுவாகக் காலை உருவினேன். வண்டி கிளம்பும்போது குதிரைகூட ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. நான் பார்க்கவில்லை.

கலீல் வழியெல்லாம் குதிரையிடம்தான் பேசிக்கொண்டு வந்தார். இன்ஸ்டிட்யூட் வாசலில் இறங்கும்போது மட்டும், "வீட்டுல என்ன சொல்வீங்க வாத்தியாரே?" என்றார்.

"ஓடிப்போச்சுன்னு சொல்வேன்."

"நல்ல யோசனைதான்," என்றார். அந்தக் குரலில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்ததாம், ஓடிவிட்டதாம், நாளெல்லாம் தேடினேனாம். நன்றாகவே நடித்தேன். பேட்ரிசியா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அந்தோணியார் படத்தின் முன்னால் மெழுகுவத்தியை ஏற்றினாள்.

"காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத் தர்றவர் இவர்தானே. நேர்ந்துக்கலாங்க. நீங்களே சொல்லுங்க."

முழங்காலில் நின்றேன். காவிரிக்கு அந்தப் பக்கம், வாழைத்தோப்பில், கட்டிப்போட்ட நாய். அது எங்கே வரப்போகிறது. தைரியமாக ஆரம்பித்தேன்.

"அந்தோணியாரே, சமாதானம் திரும்பி வந்தா தினமும் விடியக்காலையில நானே கையில பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"பொறை," என்றாள் பேட்ரிசியா பக்கத்திலிருந்து.

"பொறையும் குடுக்கிறேன். அது திருந்துற வரைக்கும் விடமாட்டேன்."

"பொடி."

"மூக்குப்பொடி போடறதையும் அதுவரைக்கும் விட்டுடறேன்."

"ஆமென்," என்றாள். எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்தாள். சமாதானம் உள்ளே வந்து என் மடியில் ஏறிற்று. உடம்பெல்லாம் வாழைச் சருகு.

"அந்தோணியார் எவ்வளவு வேகம் பாருங்க," என்றாள் பேட்ரிசியா.

நான் எதைக் கேட்பது. எப்படி வந்தது என்று கேட்டால் எங்கே விட்டேன் என்று சொல்ல வேண்டும். ஆமென் என்றேன். மறுநாள் கலீலைப் பிடித்தேன். "அக்கா முன்னாடியே சொல்லி வச்சிட்டாங்க," என்றார் அவர். "வாத்தியார் நாயோட எங்க போகச் சொன்னாலும் போங்க தம்பி, அவரை இறக்கி விட்டுட்டுத் திரும்பப் போய் நாயைக் கூட்டிட்டு வந்துடுங்கன்னாங்க."

இப்படியாக உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் என் தண்டனைக் காலம் ஆரம்பித்தது. ஒரு கையில் கயிறு, சட்டைப் பையில் பொறை, மூக்கில் பொடி இல்லாத வெறுமை. தூரத்தில் ஒரு நாய் தெரிந்தால் நிற்பேன், பொறை கொடுப்பேன், வந்த வழியே திரும்புவேன். திரும்பினால் அந்தப் பக்கம் ஒரு நாய் வரும். மறுபடி திரும்புவேன். கரையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். வாத்தியார் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று பேச்சு.

ஒரு நாள் மாட்டு வண்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு நாய்கள் ஒன்றாக வந்துவிட்டன. சமாதானம் பாய்ந்தது. கயிற்றை விடக்கூடாது என்பது நேர்த்திக்கடன். விடவில்லை. வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தேன்.

பேட்ரிசியா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"பொறை நனைஞ்சு போச்சா?" என்றாள்.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. இது திருந்தாது என்றேன். ராக்கம்மாள் சொன்ன நாள் வந்துவிடும், வண்டியும் வந்துவிடும் என்றேன். பேட்ரிசியா நாயின் கிழிந்த காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. காலையில் போனேன்.

மறுகரையில் ஒரு கறுப்பு நாய். சமாதானத்தின் முதுகு மயிர் சிலிர்த்தது. கயிற்றை இறுகப் பிடித்தேன். அது அந்த நாயைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. உறுமவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

பொறை கொடுக்க மறந்துவிட்டேன். அதுவே மூக்கை நீட்டி என் சட்டைப் பையை முட்டி ஞாபகப்படுத்திற்று.

செய்தியைச் சொன்னதும் பேட்ரிசியா நேரே முன்கட்டுக்குப் போனாள். மல்லிக்கு உடம்பு போடுகிறது, காலாற நடந்தால் நல்லது என்று ராக்கம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் முதல் ராக்கம்மாளும் மல்லியும் அந்தக் கரையில், நானும் சமாதானமும் இந்தக் கரையில். நடுவில் தண்ணீர் இருக்கிற தைரியத்தில் நடந்தோம். அப்புறம் ஒரே கரையில், வெகு தூரம் விட்டு. அப்புறம் கொஞ்சம் கிட்ட. ஒருநாள் இரண்டும் ஒரே புளியமரத்தடியை மோந்து பார்த்துவிட்டு அவரவர் வழியில் போயின. சிநேகம் என்று சொல்ல மாட்டேன். ரயிலில் எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பேர் மாதிரி.

ராக்கம்மாள் சொன்ன நாள் வந்தது. காலையில் கதவைத் தட்டினாள். சமாதானத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் திறந்தேன்.

"நேரமாச்சே வாத்தியாரே, இன்னிக்கு நடக்க வரலையா? மல்லி வாசல்ல நிக்குது," என்றாள்.

அதற்கப்புறம் ஒருநாள், திறந்த தெருவில், மூன்று நாய்களுக்கு நடுவே சமாதானம் தலை நிமிர்ந்து நடந்து வந்தது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தேன்.

"என் நேர்த்திக்கடன் முடிஞ்சுது," என்றேன். "நாளையிலேருந்து வெயில் வர்ற வரைக்கும் தூங்கப் போறேன்."

"தூங்குங்க," என்றாள் பேட்ரிசியா. கேட்காமலே காபி வந்தது. கேட்காமலே பொடி மட்டையும் வந்தது. "நான் யோசனைதான் சொன்னேன். செஞ்சது நீங்க. இந்தப் பொறுமை ஊர்ல எந்த ஆம்பளைக்கு வரும்?"

கல்யாணமாகி அவள் என்னைப் புகழ்ந்து கேட்டதில்லை. பொடியும் புகழ்ச்சியும் ஒன்றாகத் தலைக்கு ஏறின.

"பொறுமை மட்டும் இல்லை, அது ஒரு தனி வித்தை," என்றேன். "எந்த நாயா இருந்தாலும் கொண்டு வா. என்கிட்ட விட்டா மனுஷனாக்கிடுவேன்."

"நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியுங்க," என்று வாசலுக்குப் போனாள். எட்டிப் பார்த்தேன். கலீலின் ஜட்கா நின்றுகொண்டிருந்தது. கலீல் மட்டும் தெருவின் எதிர்ப்புறத்தில், ஒரு மதில் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தார். பேட்ரிசியா ஜட்காவிலிருந்து கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கறுப்பு நாயை இறக்கினாள். அதன் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

"ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபத்துப் பக்கம் கட்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்களாம், பாவம்," என்றாள். "பயப்படாதீங்க. இது எந்த நாயோடயும் சண்டைக்கே போகாது."

"பின்ன எதுக்கு வாயைக் கட்டியிருக்கு?"

"ஆம்பளைங்களைக் கண்டாத்தான் ஆகாதாம்."