மனுவில் உச்சம் எங்கே?

குடிநீர் வாரியத்துக்கு வரும் மனுக்கள் படிக்கச் சுவையாக இல்லை என்று மேலதிகாரி ஒருநாள் வருந்தினார். ஏதோ ஒரு பயிலரங்கில் "எல்லாமே கதைதான்" என்று யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உடனே ஒரு சுற்றறிக்கை பிறந்தது: 'இனி ஒவ்வொரு மனுவிலும் தொடக்கம், சிக்கல், வளர்ச்சி, உச்சம், முடிவு ஆகிய கட்டங்கள் அமைந்திருத்தல் வேண்டும். அவற்றை அடையாளம் கண்ட பின்னரே ஊழியர்கள் நடவடிக்கை எடுத்தல் வேண்டும்.'

அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க ஒரு சிறுகதை எழுத்தாளர் தேவைப்பட்டார். நல்ல எழுத்தாளர்களுக்கெல்லாம் வேலை இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். தலைகால் புரியாமல் ஓடினேன். பலகையில் ஒரு மலையை வரைந்து, "உச்சம் இல்லாத கதையைக் கையால்கூடத் தொடாதீர்கள்!" என்று முழங்கினேன். மனுப் பிரிவு எழுத்தர் அம்மாள் அந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் எங்கள் தெருக்குழாய் உடைந்து, சமையலறைச் சுவர் ஊற ஆரம்பித்தது.

"நீங்கதான் அங்க பெரிய வாத்தியாராச்சே, போய்ச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

எழுத்தர் அம்மாள் எழுந்து நின்று வணங்கினார். மனுவைப் படித்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"தொடக்கம் அருமை சார். சிக்கலும் இருக்கு. உச்சத்தத்தான் காணோம்."

"சுவரே ஊறிப்போச்சேம்மா!"

"ஊறுறது வளர்ச்சி சார். விழுந்தாத்தான் உச்சம்."

என் பாடத்தை என்னைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். பெருமையாக இருந்தது. மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"சுவர் விழணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நியாயம்தானேன்னு வந்துட்டேன்."

அவள் அடுப்பைக் கூடத்துக்கு நகர்த்தினாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் சுவர் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. "ஐயோ!" என்று அவள் அலறினாள். "உச்சம்!" என்று நான் கத்தினேன். அன்றே தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். செருப்பை மாட்டும்போது, "உங்க கதையில நான் எந்தக் கட்டம்?" என்று கேட்டாள். நான் மனுவில் உச்சத்தைச் சேர்க்க உட்கார்ந்தேன்.

மறுநாள் எழுத்தர் அம்மாள் மனுவைப் படித்துக் கண் கலங்கினார். "பிரமாதம் சார்! உச்சம் வந்தாச்சு. இனி முடிவு தானா வந்துடும். நடுவுல நாங்க புகுந்தா கதை கெட்டுப்போயிடும்." கோப்பில் 'முடிந்தது' என்று முத்திரை குத்தினார். என் மனுவை, மாதிரி மனு என்று சுவரில் ஒட்டினார்கள். அவர்கள் சுவர் உறுதியாக இருந்தது.

வெளியே வரிசையில் நின்ற ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே அந்த எழுத்தாளர்? வாரியம் தோண்டின பள்ளம் மூணு மாசமா எங்க வாசல்ல திறந்து கிடக்கு. மனுவத் திருப்பித் திருப்பி அனுப்புறாங்க. எங்க தப்புன்னு பாருங்க சார்."

அப்போதாவது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். எழுத்தாளர் என்று கூப்பிட்டுவிட்டாரே! மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தேன்.

"நல்லா வந்திருக்கு. பள்ளத்துல யாராவது ஒருத்தர் விழுந்தாப் போதும்."

வரிசை முழுவதும் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டியது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க தெருப் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போங்களேன் சார். பொழுது சாஞ்சப்புறம் வாங்க. அங்க தெருவிளக்கு எரியாது."